ஒரே அட்டவணை, இரண்டு விடைகள்: எக்ஸ்⁴ − 2-இல் ஒரு பொருத்தப் பிழை

நிகழ்வு

செம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் ஒரு சிறு படிப்பு வட்டம் நடக்கிறது. வருகிறவர்கள் மும்பைத் தமிழர்கள். சிலர் எம்.எஸ்ஸி. படிக்கிறார்கள், சிலர் வேலைக்குப் போய்க்கொண்டே கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி தரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குத் தயாராகிறார்கள். இங்கே சொல்லப்போவது அவர்களில் இருவரைப் பற்றி. ஒருவர் டோம்பிவிலியிலிருந்து வரும் முதுகலை மாணவி. இன்னொருவர் வங்கியில் வேலை பார்க்கும் தம்பி. வயதில் மூத்தவர் என்பதால் மாணவி அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைய பாடம் கால்வா பொருத்தம். களம் என்பது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் தனக்குள்ளேயே செய்துகொள்ளும் எண் கூட்டம். கால்வா குலம் என்பது மூலங்களை, அதாவது பல்லுறுப்புக்கோவையைப் பூஜ்யமாக்கும் எண்களை, அவற்றுக்கிடையே உள்ள சமன்பாடுகள் கெடாமல் இடம் மாற்றும் வழிகளின் கூட்டம்; அதற்குள் தானே ஒரு குலமாக நிற்கும் சிறு கூட்டம் உட்குலம். எக்ஸ்⁴ − 2 என்ற பல்லுறுப்புக்கோவையின் கால்வா குலத்துக்கு உள்ள உட்குலங்களையும், அதற்குரிய இடைக்களங்களையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்த வேண்டும். இருவரும் முதல் வாரமே அட்டவணை போட்டுவிட்டார்கள். பத்து உட்குலங்கள், பத்துக் களங்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குலத்தின் உறுப்புகளுக்கு வைத்த சிக்மா, டௌ என்ற எழுத்துகளில் இரண்டும் வரிக்கு வரி ஒன்றாகவே இருந்தன.

அடுத்து ஒரு பயிற்சிக் கேள்வி கொடுத்தேன். மூலங்களுக்கு எண் போட்டாயிற்று: அ என்பது 1, ஐ·அ என்பது 2, −அ என்பது 3, −ஐ·அ என்பது 4. இங்கே அ என்பது 2-இன் நேர்ம நான்காம் மூலம், தோராயமாக 1.189, ஐ என்பது −1-இன் வர்க்கமூலம். (1 2)(3 4) என்ற வரிசைமாற்றமும் (1-உம் 2-உம் இடம் மாறும், 3-உம் 4-உம் இடம் மாறும்) சமனியும் (எதையும் மாற்றாமல் விடுவது) சேர்ந்த உட்குலம் எந்தக் களத்தை அசையாமல் வைக்கும்? இதுதான் கேள்வி.

மாணவி எழுதியது க்யூ(அ). தம்பி எழுதியது க்யூ((1+ஐ)·அ). க்யூ என்பது விகிதமுறு எண்களின் களம்; க்யூ(அ) என்பது அதோடு அ-வையும் சேர்த்தால் கிடைக்கும் மிகச் சிறிய களம்.

“அட்டவணை ஒண்ணுதானே அண்ணா, எப்படி விடை மாறும்?” என்று மாணவி கேட்டார். தம்பிக்கும் பதில் தெரியவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணிக் கணக்கு

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எக்ஸ்⁴ − 2-இன் நான்கு மூலங்களையும் க்யூவோடு சேர்த்தால் கிடைப்பது க்யூ(அ, ஐ). அதன் படி 8, அதாவது அதிலுள்ள எண்களையெல்லாம் விகிதமுறு எண்களைக் கொண்டு எழுத எட்டு அடிப்படை எண்கள் வேண்டும். க்யூவுக்கும் இந்தக் களத்துக்கும் நடுவில் இருப்பவை இடைக்களங்கள். இந்தக் களத்தைத் தனக்குள்ளேயே மாற்றி, கூட்டலையும் பெருக்கலையும் கெடுக்காமல் விடும் ஆட்டோமார்ஃபிசங்களும் 8. அ நான்கு மூலங்களில் எதற்கு வேண்டுமானாலும் போகலாம், ஐ தானாகவோ −ஐ ஆகவோ ஆகலாம், நாலிரண்டு எட்டு. அ-வை ஐ·அ-வுக்கு அனுப்பி ஐ-யைத் தொடாமல் விடுவது சிக்மா. அ-வைத் தொடாமல் ஐ-யை −ஐ ஆக்குவது டௌ, அதாவது நாம் எல்லாருக்கும் பழக்கமான கலப்பெண் இணை. சிக்மா சுழற்சி, டௌ திருப்பல். இரண்டும் சேர்ந்து சதுரத்தின் எட்டு சமச்சீர்களைக் கொண்ட குலத்தைத் தருகின்றன.

நாலு மூலங்களை 24 விதமாக மாற்றி வைக்கலாம், ஆனால் அனுமதி 8-க்குத்தான். 1-ஐயும் 2-ஐயும் மட்டும் இடம் மாற்றினால் என்ன ஆகும்? முதல் மூலமும் மூன்றாம் மூலமும் கூட்டினால் பூஜ்யம். அந்தச் சமன்பாடு மாற்றத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும். ஆனால் இரண்டாம் மூலமும் மூன்றாம் மூலமும் கூட்டினால் பூஜ்யம் வராது. ஆகவே (1 2) மட்டும் தனியாகக் குலத்தில் இருக்க முடியாது.

தேற்றம் சொல்வது இதுதான். ஒரு உட்குலத்தை எடுத்து, அதிலுள்ள எந்த ஆட்டோமார்ஃபிசத்தாலும் அசையாத எண்களையெல்லாம் திரட்டினால் ஒரு இடைக்களம் கிடைக்கும். அதை நிலைக்களம் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடைக்களமும் இப்படியே கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரே ஒரு உட்குலத்திலிருந்து. உட்குலம் பெரிதானால் களம் சிறிதாகும். 8-ஐ உட்குலத்தின் அளவால் வகுத்தால் க்யூவின் மேல் நிலைக்களத்தின் படி வரும். நார்மல் உட்குலத்துக்கு, அதாவது குலத்தின் எந்த உறுப்பைக் கொண்டு இணை எடுத்தாலும் மாறாத உட்குலத்துக்கு, க்யூவின் மேல் தானே கால்வா விரிவாக நிற்கும் களம் கிடைக்கும்; முழுக் குலத்தின் எந்த உறுப்பும் அந்தக் களத்தை வேறொன்றாக மாற்றாது.

எல்லாச் சோதனையிலும் தேறிய தப்பு

மாணவியின் பொருத்தத்தை வரிசைமாற்றங்களாக மாற்றி எழுதச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது: அவருடைய ‘டௌ’ என்பது (1 2)(3 4). தம்பியின் ‘டௌ’ என்பது (2 4), அதாவது 2-உம் 4-உம் மட்டும் இடம் மாறுவது. எழுத்து ஒன்று, ஆள் வேறு.

உடனே திருத்திவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். ஆனால் மாணவி ஒன்று சொன்னார்: “சார், நான் எல்லாத்தையும் சரிபார்த்தேன்.” உண்மையாகவே சரிபார்த்திருந்தார். அதனால்தான் இது ஆய்வுக்கு ஏற்ற நிகழ்வு.

அவருடைய அட்டவணையில் இரண்டு உறுப்புகள் கொண்ட ஐந்து உட்குலங்களுக்கும் படி 4 களங்கள் ஐந்து. நான்கு உறுப்புகள் கொண்ட மூன்றுக்கும் படி 2 களங்கள் மூன்று: க்யூ(ஐ), க்யூ(√2), க்யூ(ஐ√2). கணக்கு சரி. ஒரு உட்குலம் இன்னொன்றுக்குள் இருந்தால் களங்கள் தலைகீழாக அடங்குகின்றனவா? அடங்குகின்றன. இரண்டு உறுப்பு உட்குலங்களில் சிக்மா² (சிக்மாவை இருமுறை செய்வது) உருவாக்குவது மட்டும்தான் நார்மல். அதற்கு எதிரே க்யூ(√2, ஐ). அதுவும் சரி. க்யூ(அ), க்யூ(ஐ·அ) இரண்டும் ஒன்றுக்கொன்று இணைக் களங்கள், அதாவது ஒரு ஆட்டோமார்ஃபிசம் ஒன்றை மற்றொன்றாக மாற்றும். எதிரே உள்ள உட்குலங்களும் ஒன்றுக்கொன்று இணை. அதிலும் குறையில்லை.

பத்து ஜோடியில் நாலு மட்டும் உண்மையில் சரி: சமனி மட்டும் கொண்டது, முழுக் குலம், சிக்மா² உருவாக்குவது, சிக்மா உருவாக்குவது. மீதி ஆறும் இடம் மாறிக் கிடந்தன. க்யூ(√2)-வும் அதன் மேல் நிற்கும் இரு களங்களும் ஒரு இறக்கை, க்யூ(ஐ√2)-வும் அதன் மேல் நிற்கும் இரு களங்களும் மறு இறக்கை என்று வைத்தால், இரண்டு இறக்கையும் முழுசாகக் கைமாறியிருந்தன. முழுசாக மாறியதால்தான் எந்தச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு களம் மட்டும் இடம் மாறியிருந்தால், அடங்கல் சோதனையே காட்டிக்கொடுத்திருக்கும்.

“பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு, மாப்பிள்ளைதான் மாறிட்டார்” என்றார் தம்பி. மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை.

எது எதற்குள் அடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும் லேட்டிஸ் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அடங்கலைத் தலைகீழாக்கும் பொருத்தங்கள் எத்தனை போடலாம் என்று எண்ணிப் பார்த்தோம். இறக்கைகளை மாற்றலாம், அது 2 வழி. ஒவ்வொரு இறக்கைக்குள்ளும் இரண்டு களங்களை மாற்றலாம், இன்னும் 2, இன்னும் 2. மொத்தம் 8 பொருத்தங்கள். எட்டும் படத்துக்கு ஒத்துப்போகும். சரியானது ஒன்று.

இன்னும் ஒரு படி போனால் நிலைமை மோசம். சதுரக் குலத்தின் சொந்த ஆட்டோமார்ஃபிசங்களும், அதாவது குலத்தின் அமைப்பைக் கெடுக்காமல் அதன் உறுப்புகளைத் தங்களுக்குள் இடம் மாற்றுபவையும், 8-தான். படத்தில் நடக்கும் ஒவ்வொரு இடமாற்றத்தையும் அவற்றில் ஒன்று செய்துவிடும். ஆகவே படி, அடங்கல், நார்மல், இணை என்று குலத்தின் அமைப்பிலிருந்து எடுக்கும் எந்தச் சோதனையும் இந்த எட்டையும் பிரித்துக் காட்டாது. அந்த எட்டில் நாலு, குலத்துக்குள்ளிருந்தே வருபவை. அவை பெரிய ஆபத்தில்லை; அ-வுக்குப் பதில் ஐ·அ-வை ‘முதல் மூலம்’ என்று எடுத்தால் வரும் மாற்றம்தான் அது. மீதி நாலுதான் இறக்கைகளை மாற்றுபவை. குலத்துக்கு √2-க்கும் ஐ√2-க்கும் வேறுபாடு தெரியாது. எண்களுக்குத் தெரியும்: ஒன்றை வர்க்கித்தால் 2, இன்னொன்றை வர்க்கித்தால் −2.

பாடக்குறிப்புகளில் அச்சடித்த இரட்டைப் படங்களை, இடது பக்கம் உட்குலங்கள், வலது பக்கம் களங்கள் என்று வரைந்து கொடுப்பதை, எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுவே. படம் அழகாக இருக்கும். பார்த்தவுடன் தேற்றம் புரிந்துவிட்டது போல இருக்கும். ஆனால் தேற்றத்தின் உயிர் இரண்டு படங்களுக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது: இந்த ஆட்டோமார்ஃபிசம் இந்த எண்ணை என்ன செய்கிறது? அந்தக் கேள்வியைப் படம் கேட்பதே இல்லை.

சதுரம் எப்படி உட்கார்ந்திருந்தது

சரி, மாணவியின் டௌ ஏன் (1 2)(3 4) ஆனது? நோட்டைப் புரட்டியதும் காரணம் கிடைத்தது. ஏதோ ஒரு பயிற்சி மையத்துக் குறிப்பிலிருந்து சதுரக் குலத்தைப் படித்திருக்கிறார். அதில் சதுரம் கரும்பலகையில் எல்லாரும் வரைவது போல அடிப்பக்கம் தரையில் படிய உட்கார்ந்திருந்தது. மேல் இடது மூலை 1, மேல் வலது 2, கீழ் வலது 3, கீழ் இடது 4. ‘திருப்பல்’ என்று அந்தக் குறிப்பு சொன்னது நட்டநடுவே செங்குத்துக் கோட்டில் மடிப்பதை. அது 1-ஐயும் 2-ஐயும் மாற்றும், 3-ஐயும் 4-ஐயும் மாற்றும்.

எக்ஸ்⁴ − 2-இன் மூலங்கள் அப்படி உட்கார்வதில்லை. அ வலப்பக்கம் மெய் அச்சின் மேல், ஐ·அ நேர் மேலே, −அ இடப்பக்கம், −ஐ·அ நேர் கீழே. சதுரம் ஒரு மூலையை ஊன்றி நிற்கிறது. இங்கே கலப்பெண் இணை என்பது மெய் அச்சில் மடிப்பது. அந்த அச்சு சதுரத்துக்கு மூலைவிட்டம். 1-உம் 3-உம் அதன் மேலேயே இருக்கின்றன, அசையாது. 2-உம் 4-உம் மட்டும் மாறும்.

மாணவி குலத்தின் பக்கத்தை உட்கார்ந்த சதுரத்திலிருந்தும், களத்தின் பக்கத்தைக் கலப்பெண் இணையிலிருந்தும் எடுத்திருந்தார். இரண்டுக்கும் டௌ என்றே பெயர். ‘திருப்பலுக்கு க்யூ(அ)’ என்று எழுதியபோது இரண்டு வேறு திருப்பல்கள் ஒரே வரியில் சேர்ந்துவிட்டன.

பழைய கேள்வித்தாள் ஒன்றின் பின்பக்கத்தைச் சதுரமாக வெட்டி, மூலைகளில் நாலு மூலங்களையும் எழுதினோம். மூலைவிட்டத்தில் மடித்தால் இரண்டு மூலைகள் மடிப்புக் கோட்டிலேயே இருக்கும். பக்கங்களின் நடுவே மடித்தால் ஒரு மூலைகூட மிஞ்சாது, நாலும் இடம் மாறும். (1 2)(3 4) இரண்டாம் வகை. அது எந்த மூலத்தையும் அசையாமல் விடுவதில்லை. அப்படியானால் அதன் நிலைக்களத்தில் எக்ஸ்⁴ − 2-இன் ஒரு மூலம்கூட இருக்க முடியாது. அங்கே க்யூ(அ) எப்படி வரும்? கேள்வியைப் படித்தவுடன் கேட்டிருக்க வேண்டியது இதை ஒன்றுதான்.

முக்கோணம் கொடுத்த பழக்கம்

இந்தப் பிழைக்கு இன்னொரு வேரும் இருக்கிறது. அதற்கு முந்தைய பாடம் எக்ஸ்³ − 2. அங்கே மூலங்கள் மூன்று, குலம் 6 உறுப்புகள் கொண்டது, திருப்பல்கள் மூன்று. சமபக்க முக்கோணத்தை எப்படி மடித்தாலும் மடிப்பு ஒரு மூலை வழியாகவே போகும். ஆகவே ஒவ்வொரு திருப்பலும் ஒரு மூலத்தை விட்டுவைக்கும், நிலைக்களம் அந்த மூலம் உருவாக்கும் களம். மாணவி அதைப் பிழையில்லாமல் செய்திருந்தார். ‘திருப்பல் என்றால் ஒரு மூலத்தின் களம்’ என்ற பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பல்கோணத்தில் எல்லா மடிப்பும் மூலை வழியே போகும். இரட்டைப்படையில் பாதிதான் போகும். எக்ஸ்³ − 2-ஐ முதல் எடுத்துக்காட்டாக வைக்காத வகுப்பே இல்லை. நானும் அதைத்தான் வைக்கிறேன், அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் அது இரக்கமுள்ள எடுத்துக்காட்டு.

என்ன செய்தோம்

முதலில், வரிசைமாற்றத்தைக் கையில் கொடுத்தால் எண்களை அது என்ன செய்யும் என்று கண்டுபிடிக்கப் பழகினோம். பலர் தடுமாறுவது இங்கேதான். (1 2)(3 4) ஐ-யை என்ன செய்யும்? ஐ மூலமே இல்லையே! ஆனால் ஐ என்பது இரண்டாம் மூலத்தை முதல் மூலத்தால் வகுத்தது. 1-உம் 2-உம் இடம் மாறினால் அ-வை ஐ·அ-வால் வகுக்க வேண்டும், வருவது −ஐ. √2 என்பது முதல் மூலத்தின் வர்க்கம்; அது இரண்டாம் மூலத்தின் வர்க்கமாகும், அதாவது −√2. இரண்டும் குறி மாறுவதால் பெருக்கற்பலன் ஐ√2 மாறாது. ஆக, (1 2)(3 4) நிற்பது க்யூ(ஐ√2)-வின் இறக்கையில். இந்த ஒரு வரியிலேயே மாணவியின் ஆறு தப்பும் வெளிவந்துவிட்டன.

பிறகு நிலைக்களத்தைக் கண்டுபிடிக்கும் வழி. எல்லாருக்கும் பிடித்தது ‘இடம் மாறுகிறவர்களைக் கூட்டு’ என்ற உத்தி. (1 2)(3 4) அ-வையும் ஐ·அ-வையும் மாற்றுகிறது. இரண்டையும் கூட்டினால் (1+ஐ)·அ, அது அசையாது. அதன் நான்காம் அடுக்கு −8, ஆகவே அது எக்ஸ்⁴ + 8-இன் மூலம். படி 4. நிலைக்களத்தின் படியும் 4. முடிந்தது: க்யூ((1+ஐ)·அ). தம்பியின் விடை. கூட்டாளி உட்குலம் (1 4)(2 3) உருவாக்குவது, அதற்கு க்யூ((1−ஐ)·அ).

ஆனால் இந்த உத்தியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. சிக்மா² உருவாக்கும் உட்குலத்தில் அ-வும் −அ-வும் மாறும். கூட்டினால் பூஜ்யம். பெருக்கினால் −√2, பரவாயில்லை; ஐ-யும் அசையவில்லை என்று பார்த்தால் க்யூ(√2, ஐ) கிடைத்துவிடும். நாலு உறுப்பு உட்குலம் ஒன்று, சமனி, சிக்மா², (1 2)(3 4), (1 4)(2 3) ஆகியவை கொண்டது, அதைவிடப் பொல்லாதது. அ-வின் நாலு இடங்களையும் கூட்டினால் பூஜ்யம், பெருக்கினால் −2. இரண்டும் விகிதமுறு எண்கள், ஒன்றும் சொல்லாது. நிலைக்களமோ க்யூ(ஐ√2).

கைவிடாத வழி ஒன்று உண்டு. அலுப்பாக இருக்கும், ஆனால் ஏமாற்றாது. முழுக் களத்துக்கு அடிமானமாக, அதாவது மேலே சொன்ன எட்டு அடிப்படை எண்களாக, 1, அ, அ², அ³, ஐ, ஐ·அ, ஐ·அ², ஐ·அ³ என்ற எட்டு எண்களை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று எழுதிவிடுவது. (1 2)(3 4)-க்கு எழுதினால்: 1 அசையாது, ஐ·அ² அசையாது, அ-வும் ஐ·அ-வும் இடம் மாறும், அ³ போவது −ஐ·அ³-க்கு, ஐ·அ³ போவது −அ³-க்கு, அ²-உம் ஐ-யும் குறி மாறும். அசையாத சேர்க்கைகள் நாலு: 1, ஐ·அ², அ + ஐ·அ, அ³ − ஐ·அ³. நாலு பரிமாணம், படி 4. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தம்பிக்கு இது பிடிக்கவில்லை; தேர்வில் நேரம் போய்விடும் என்றார். நியாயமான குறைதான். ஆனால் நெட் தேர்வின் ‘சி’ பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண். அங்கே அரைகுறை உத்தியை நம்புவதைவிட எட்டு வரி எழுதுவது மேல்.

மாணவி மறு வாரம் போட்டுக் காட்டிய அட்டவணையில் ஒரு நடுப்பத்தி புதிதாக இருந்தது. இடது பக்கம் உட்குலம், வலது பக்கம் களம், நடுவில் ‘அ எங்கே, ஐ எங்கே, √2 எங்கே’. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. நன்றாக இருந்தது, இப்போது எல்லாரையும் அப்படியே போடச் சொல்கிறேன்.

இடையில் கொஞ்சம் வரலாறு

மாணவி வழுக்கியது இரண்டு மொழிகள் சந்திக்கும் இடத்தில். எவாரிஸ்த் கால்வா 1832 மே 29 அன்று, துப்பாக்கிச் சண்டைக்கு முந்தைய இரவில், நண்பர் ஷெவாலியேவுக்குக் கடிதம் எழுதினார். மே 31 அன்று இறந்தார், வயது 20. அவர் கையில் குலம் என்பது மூலங்களை எப்படி எப்படி வரிசை மாற்றலாம் என்பதுதான். இன்று நாம் போடும் ‘உட்குலம் இங்கே, களம் அங்கே’ அட்டவணை அவருடையதல்ல. அவருடைய எழுத்துகளைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் லியூவில் என்பவர் அச்சேற்றியதே 1846-இல். களம் என்ற பொருளை மையத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் கணிதவியலாளர் டெடெகிண்ட். ஆட்டோமார்ஃபிசங்களின் கூட்டத்தை எடு, அவை அசைக்காத எண்களைப் பார் என்று முழுப் பாடத்தையும் அங்கிருந்தே கட்டியவர் எமில் ஆர்ட்டின். அமெரிக்காவில் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய பாடங்கள் 1942-இல் அச்சாயின. எங்கள் பயிற்சிக் கேள்வி கால்வாவின் மொழியில் இருந்தது, மாணவியின் அட்டவணை ஆர்ட்டினின் மொழியில். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லை.

பிரெஞ்சுக் கணிதத்துக்கும் மும்பைக்கும் ஒரு தமிழ்நாட்டு வழிப் பாலம் உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் பாடம் நடத்திய பிரெஞ்சுப் பாதிரியார் ராசீனிடம் படித்த சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன், சி.பி. ராமானுஜம் ஆகியோர் மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். இதைச் சொன்னால் எங்கள் கூட்டத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அவ்வளவுதான் அதன் பயன்.

எக்ஸ்⁴ + 8

திருத்தம் பிடித்ததா என்று பார்க்க எக்ஸ்⁴ + 8-ஐக் கொடுத்தேன். இதன் மூலங்கள் (1+ஐ)·அ, அதை ஐ-ஆல் பெருக்கியது, பிறகு இரண்டின் எதிர்மறைகள். முழுக் களம் பழையதேதான், க்யூ(அ, ஐ). குலமும் அதேதான். ஆனால் மூலங்கள் நிற்கும் சதுரம் 45 பாகை திரும்பியிருக்கிறது: பழைய சதுரத்தின் பக்க நடுப்புள்ளிகள் இருந்த திசைகளில் புதிய மூலைகள். இந்தச் சதுரம் கரும்பலகைச் சதுரம் போல உட்கார்ந்திருக்கிறது. மாணவி முதலில் போட்ட பொருத்தம், எக்ஸ்⁴ + 8-இன் மூலங்களை வைத்துப் போட்டிருந்தால் இறக்கைகள் சரியாகவே விழுந்திருக்கும்.

மூலங்களுக்கு மறுபடி சுற்றுவரிசையில் 1, 2, 3, 4 என்று எண் கொடுத்து, ‘கலப்பெண் இணை எந்த வரிசைமாற்றம், அதன் நிலைக்களம் எது?’ என்று கேட்டேன்.

இந்த முறை தடுக்கி விழுந்தவர் தம்பி. ரயில் பாதைப் பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்தும் ஞாயிறு மெகா பிளாக்கில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தவர், வழியிலேயே ரயிலில் போட்டு வைத்திருந்தார்: (2 4), நிலைக்களம் முதல் மூலத்தின் களம். மாணவி எழுதியது (1 4)(2 3), நிலைக்களம் க்யூ(அ).

“அண்ணா, எக்ஸ்⁴ + 8-க்கு மெய் மூலமே கிடையாதே. கலப்பெண் இணை எந்த மூலத்தை விட்டுவைக்கும்?”

தம்பி சட்டென்று பார்த்துவிட்டார். முதல் மூலமும் நான்காம் மூலமும் மாறுகின்றன. கூட்டினால் (1+ஐ)·அ + (1−ஐ)·அ, அதாவது 2·அ. க்யூ(அ) கையில் வந்து விழுகிறது.

முதல் வாரம் தம்பி சரியான விடை எழுதியதற்குக் காரணம், அவர் மனத்தில் டௌ என்றால் (2 4) என்று பதிந்திருந்ததும், எக்ஸ்⁴ − 2-இல் கலப்பெண் இணை தற்செயலாக அதுவாகவே இருந்ததும்தான். மாணவியின் தப்பும் தம்பியின் சரியும் ஒரே பழக்கத்தின் இரண்டு முனைகள். விடைத்தாளை மட்டும் பார்த்திருந்தால் ஒருவருக்கு உதவி தேவை, மற்றவருக்குத் தேவையில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். கோச்சிங்கில் தினமும் நடப்பது அதுதான்.

நடுவில் க்யூ(√2, √3)-ஐயும் ஒருமுறை தொட்டோம். அங்கே மூன்று உட்குலங்களுக்கு மூன்று களங்கள், படத்தை மட்டும் பார்த்தால் 6 பொருத்தங்கள். இரண்டு வர்க்கமூலங்களின் குறியையும் மாற்றுவது √6-ஐ அசைக்காது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். அதில் நேரம் செலவழிக்கவில்லை.

கடைசியாகக் கொடுத்து அனுப்பியது எக்ஸ்⁴ − 2எக்ஸ்² − 1. இதற்கும் சதுரக் குலமே. க என்பது 1+√2-இன் வர்க்கமூலம் என்றால் மூலங்கள் க, ஐ/க, −க, −ஐ/க. இரண்டு மெய், இரண்டு கற்பனை. க சுமார் 1.55, அதன் தலைகீழ் சுமார் 0.64. மூலங்கள் தளத்தில் சதுரமாகவே நிற்காது, ஆகவே காகிதம் மடித்துப் பார்க்கும் வித்தை இங்கே உதவாது. கேட்டது ஒன்றே ஒன்று: (1 2 3 4) என்ற சுழற்சி (1 போவது 2-க்கு, 2 போவது 3-க்கு, 3 போவது 4-க்கு, 4 போவது 1-க்கு) உருவாக்கும் உட்குலத்தின் நிலைக்களம் எது? முந்தைய இரண்டு கணக்கிலும் அது க்யூ(ஐ).

சாயங்காலம் மாணவியிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது, நடுப்பத்தியோடு கூடிய அட்டவணை. பெருக்கலைப் பார்த்தால் போதும்: முதல் இரண்டு மூலங்களைப் பெருக்கினால் ஐ. சுழற்சிக்குப் பிறகு அது இரண்டாம், மூன்றாம் மூலங்களின் பெருக்கல், வருவது −ஐ. √2 என்பது க² − 1, அதுவும் −√2 ஆகிறது.

தம்பியின் செய்தி அதற்குப் பத்து நிமிடம் கழித்து, குர்லாவில் வண்டி நின்றபோது வந்தது: “சார், இங்க சிக்மாவே ஐ-யைத் திருப்புது. √2-வும் திரும்புது. அப்போ நிலைக்களம் க்யூ(ஐ), க்யூ(√2) ரெண்டும் இல்ல, க்யூ(ஐ√2). சரியா?”

சரி என்று பதில் போட்டேன்.